நாலாவது முட்டை

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, அம்மா தம்பியைக் கொண்டுவர ஜெயங்கொண்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஐந்தாம் நாள் தம்பி இல்லாமல் வந்தாள். பிறக்கும்போதே மூச்சு இல்லையாம். பெரியவர்கள் தங்களுக்குள் அப்படிப் பேசிக்கொண்டார்கள். என்னிடம் மட்டும் சாமி வைத்துக்கொண்டார் என்றார்கள். தம்பிக்குக் கொடுப்பதற்கென்று உடைந்த பொம்மைகளாகப் பொறுக்கி ஒரு பையில் போட்டு வைத்திருந்தேன். நல்லதாக ஒன்றிரண்டு போட்டிருந்தால் சாமி கொடுத்திருப்பாரோ என்று எனக்குள் ஓர் உறுத்தல்.

அப்பா சிமென்ட் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டு லோடு ஏற்ற அரியலூர் போய்விட்டார். துணைக்கு அவருடைய தங்கை, என் அத்தை, செட்டிகுளத்திலிருந்து வந்திருந்தாள். அத்தைக்கு வாய் ஓயாது. அம்மா வாயே திறப்பதில்லை. தட்டில் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். இப்படியே போனால் இவளையும் பறிகொடுக்க வேண்டியதுதான் என்று அத்தை அப்பாவிடம் போனில் கிசுகிசுத்ததைக் கேட்ட நாளிலிருந்து, நான் அம்மாவை விட்டு நகரவில்லை.

எங்கள் ஊர் வரதராஜன்பேட்டைக்குப் பக்கம். வீடு கரைக்கு உட்புறம், ஏரியின் உள்வாய்ப் பக்கம் என்பதால் நல்ல மழை பெய்த வருஷங்களில் தண்ணீர் எங்கள் கொல்லைப்படல் வரைக்கும் வந்து நிற்கும். அந்த மாசியிலும் நின்றது. அம்மா பகலெல்லாம் கொல்லைப்படியில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். படலுக்கு நேரே கோரைப்புல் நடுவில் ஒரு ஜோடி முக்குளிப்பான்கள் பாசியையும் தழையையும் குவித்துக் கூடு கட்டியிருந்தன. ஒன்று எழுந்து தண்ணீருக்குள் முங்கினால் மற்றது ஏறி உட்காரும். அம்மாவின் கண் அங்கேயே இருக்கும்.

"நாலு முட்ட வச்சிருக்கு, பாரு" என்றாள் ஒருநாள். வீட்டுக்கு வந்த பிறகு அவளாக வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை அதுதான். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் குருவி நல்லாருக்கட்டும்" என்றாள்.

மூன்று நாள் கழித்து, அம்மா மதியம் கண்ணயர்ந்த நேரம் நான் மட்டும் படியில் இருந்தேன். கூட்டில் பறவையும் இல்லை, முட்டையும் இல்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். தொடையளவுதான். கூட்டுக்கு மேலே ஈரத்தழை குப்பையாகக் கிடந்தது. விலக்கிப் பார்த்தால் அடியில் நாலு முட்டையும் அழுக்கேறிப் பழுப்பாக இருந்தன. எனக்குத் தெரிந்ததெல்லாம் கோழி. அடைக்கோழி முட்டையை விட்டு எழுந்து போய்விட்டால் வேறு கோழிக்கு மாற்றி வைத்துவிட வேண்டும். எங்கள் ஊரில் வாத்து முட்டையைக்கூடக் கோழிக்கு அடியில்தான் வைத்துப் பொரிப்பார்கள். இதுவோ போகிற போக்கில் குப்பையை வேறு அள்ளிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. நாலையும் மடியில் கட்டிக்கொண்டு வந்து எங்கள் அடைக்கோழிக்கு அடியில் வைத்தேன். நாலும் பொரித்துக் கீச்சுக்கீச்சென்று கொல்லையில் ஓடினால் அம்மா சிரிப்பாள் என்று நினைத்தேன். அத்தைகூட, "பாம்பு வாயிலேர்ந்து காப்பாத்திட்ட" என்றாள்.

அம்மா எழுந்து வந்து பார்த்தபோது முக்குளிப்பான் இரண்டும் கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. ஒன்று மேலே ஏறித் தழையைக் கொத்தி விலக்கும், இறங்கும், மறுபடி ஏறும்.

"நாந்தாம்மா எடுத்து கோழிகிட்ட வச்சேன். அது வேணாம்னு குப்பயப் போட்டு மூடிட்டுப் போயிடுச்சு."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "வேணாம்னா மூடும்? யாரும் எடுத்துறக் கூடாதுன்னுதான்டி மூடிட்டுப் போச்சு. திரும்பி வரத்தான் மூடிட்டுப் போச்சு."

கோழிக்கூடைக்குள் கைவிட்டாள். கோழி விடாமல் கொத்தியும் நாலு முட்டையையும் எடுத்து முந்தானையில் ஏந்திக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

"அண்ணி, பச்ச ஒடம்பு. எறங்காதீங்க. ஜன்னி கண்டுரும்" என்று அத்தை படலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அம்மா திரும்பவில்லை. முட்டைகளை ஒவ்வொன்றாக வைத்து, தழையைப் போட்டு மூடிவிட்டு வந்து, ஈரப்புடவையோடு படியில் உட்கார்ந்தாள். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் பறவைகளில் ஒன்று கூட்டில் ஏறித் தழையை விலக்கிவிட்டு உட்கார்ந்தது. அன்று அம்மா ஒரு தட்டுச் சோற்றை முழுதாகச் சாப்பிட்டாள்.

நாலைந்து நாள் போயிருக்கும். காலையில் அம்மாவும் நானும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாய் கோரைக்குள்ளிருந்து நீந்தி வந்தது. அதன் முதுகில், இறக்கைக்கு நடுவிலிருந்து, வரிக்கோடு போட்ட மூன்று குட்டித் தலைகள் எட்டிப் பார்த்தன. மற்றது ஒரு பொடிமீனைக் கொண்டுவந்து நீட்ட, மூன்றும் கீச்சிட்டு வாயைத் திறந்தன. நான் கைதட்டிக்கொண்டே திரும்பினேன். அம்மா இரண்டு கையாலும் மார்பை அழுத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். ரவிக்கை முன்பக்கம் முழுதும் நனைந்திருந்தது. அத்தை ஓடிவந்து முந்தானையை இழுத்துப் போர்த்தினாள். "தெனம் மல்லியப்பூவ வச்சுக் கட்டியும் பாலு வத்த மாட்டேங்குதே அண்ணி" என்று அவளும் அழுதாள்.

அத்தை சொன்னது எனக்கு விளங்கவில்லை. நான் கூட்டைப் பார்த்தேன். நாலில் மூன்றுதான் பொரித்திருந்தது. ஒன்று அப்படியே கிடந்தது. நான் தொட்டதுதான் காரணம் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது.

"அந்த ஒண்ணுக்காகவாம்மா அழுவுற?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

அம்மா என்னை இழுத்து ஈர மார்போடு அணைத்துக்கொண்டு, "ஆமாண்டி, அந்த ஒண்ணுக்குத்தான்" என்றாள்.

அந்த முட்டையைத்தான் சொல்கிறாள் என்று பல வருஷம் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.