சின்ன ஷாம்பூ பாட்டிலுக்கு வக்காலத்து

என் பெயர் வெண்டல் ஹிகா. ஹீலோ என்ற தீவு நகரத்தில் ஓட்டல்களுக்கும் ஜிம்களுக்கும் ஷாம்பூ, கண்டிஷனர், லோஷன் சப்ளை செய்வது என் தொழில். எல்லாம் கட்டைவிரல் உயர பாட்டில்கள். என் அப்பா கரும்புத் தோட்டத்தில் லாரி ஓட்டினார். தம்பி தீயணைப்புப் படையில் இருக்கிறான். விருந்துகளில் யாராவது ஒவ்வொருவரிடமும் என்ன வேலை என்று விசாரித்துக்கொண்டு வந்தால், என் முறை வருவதற்குள் நான் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொள்ள எழுந்து போய்விடுவேன். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு கர்வம் இருந்தது. இந்தத் தீவில் வந்து இறங்குகிற எவனும் என் தயவில்லாமல் தலைக்குக் குளிக்க முடியாது என்று நினைத்துக்கொள்வேன்.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. ஓட்டல்களிலும் ஜிம்களிலும் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பாட்டில்களைத் தடை செய்ய மாவட்ட மன்றத்தில் ஒரு மசோதா வந்தது. இனிமேல் சுவரில் மாட்டிய பெரிய பாட்டிலை அழுத்தித்தான் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் வந்து மூன்று நிமிடம் பேசலாம் என்று அறிவித்திருந்தார்கள்.

"நான் போய்ப் பேசப்போறேன்," என்றேன் மனைவி ஷார்லீனிடம்.

அவள் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீயா? நம்ம கல்யாணத்துல நன்றி சொல்ல எழுந்துட்டு, 'எல்லாரும் சாப்பிடுங்க'ன்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்தவன்தானே நீ?"

"அது வேற. இது வயித்துப்பாடு."

"சரி, போ. ஆனா அந்த மஞ்சச் சட்டையப் போடாத. பழுத்த பப்பாளி மாதிரி இருக்க."

மஞ்சள் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனேன். இஸ்திரி போட்டிருந்தது அது ஒன்றுதான்.

என் வாதம் பலமானது என்று நம்பியிருந்தேன். சுவர் பாட்டில் ஒழுகும், அழுக்குப் பிடிக்கும், அதில் யார் எதைக் கலந்தார்கள் என்று தெரியாது. இதை நிரூபிக்க ஹோனலூலுவிலிருந்து ஒன்றை வரவழைத்து, சோப்பு நிரப்பி, மன்றத்துக்கே தூக்கிக்கொண்டு போனேன். சரக்கு இறக்கப் போகிற வழியெல்லாம் வேனுக்குள் பேசிப் பழகியிருந்தேன். வேனுக்குள் நான் பிரமாதமாகப் பேசினேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் நின்று ஒரு சின்ன பாட்டிலை உயர்த்திக் காட்டினேன். "பாருங்க, இது முத்திரை வெச்சது. இன்னொருத்தர் கை படாதது. சுத்தமானது."

தலைமை வகித்த கவுன்சிலர் மகுவாகனே அம்மையார் முன்னால் குனிந்து, "அது ஷாம்பூவா, கண்டிஷனரா, மிஸ்டர் ஹிகா?" என்று கேட்டார்.

சாதாரணக் கேள்விதான். ஆனால் என் மூக்குக்கண்ணாடி வேனில் இருந்தது. பாட்டிலைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். கண்ணருகே கொண்டுவந்து பார்த்தேன். எழுத்துகள் எறும்புக் கால் மாதிரி இருந்தன.

"ஷாம்பூ," என்றேன்.

"எப்படிச் சொல்றீங்க?"

"ஒரு நம்பிக்கைலதான்."

அரங்கம் சிரித்தது. நான் ஜோக் அடிக்கவில்லை.

"திறந்து பாத்துடலாமே," என்றார் அவர்.

கை வியர்த்திருந்தது. மூடி வழுக்கியது. சட்டையில் கையைத் துடைத்துவிட்டுத் திருகினேன், அசையவில்லை. குளிக்கும்போது மனிதர்கள் இதை எப்படித் திறக்கிறார்கள் என்ற யோசனை என் வாழ்நாளில் முதல்முறையாக அப்போதுதான் வந்தது. வேறு வழியில்லாமல் பல்லால் கடித்தேன். டப்பென்று திறந்துகொண்டது. மூடி கவுன்சிலர்களின் மேஜைக்கு அடியில் உருண்டு ஓடியது. உள்ளே இருந்ததில் பாதி மைக்கிலும் பாதி என் சட்டையிலும் தெறித்தது. அரங்கம் முழுக்கத் தேங்காய் வாசனை.

"லோஷன்," என்று மைக்கில் அறிவித்தேன்.

மானத்தைக் காப்பாற்ற ஒரே வழிதான் பாக்கி இருந்தது. சுவர் பாட்டிலை எடுத்து, எப்படி ஒழுகுகிறது பாருங்கள் என்று ஒரு அழுத்து அழுத்தினேன். உள்ளங்கையில் அளவாக ஒரு சொட்டு விழுந்தது. அவ்வளவுதான். மூக்கைக்கூடத் துடைத்துக்கொண்டது போல அந்தச் சனியன் சுத்தமாக நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. என் நேரம் முடிந்துவிட்டது.

அடுத்து பேச வந்தவர் பெவ் சூசா ஆன்ட்டி. எழுபது தாண்டியவர், துறைமுகம் பக்கம் ஜிம் நடத்துகிறார், என்னைவிட அதிகமாக எடை தூக்குவார். என்னுடைய முதல் தரமான வாடிக்கையாளர். தெய்வம் வந்துவிட்டது என்று நிம்மதியாக உட்கார்ந்தேன்.

"வெண்டல் நல்ல பையன்," என்று ஆரம்பித்தார். "சரக்கு கொண்டுவர்றப்பல்லாம் சர்க்கரை தூவின மலசாதா வாங்கிட்டு வருவான். அதத் தின்னே எனக்கு இடுப்புல ரெண்டு சுத்து ஏறிடுச்சு. ஆனா அவன் பாட்டில் மூடியெல்லாம் எங்க போகுது தெரியுமா? என் ஜிம் பாத்ரூம்ல தண்ணி வெளிய போற குழாய்க்குள்ள. அடைச்சுக்குது. நான்தான் குனிஞ்சு கையை விட்டு எடுக்கறேன். இந்த வயசுல எனக்கு அந்த எக்சர்சைஸ் வேணாம். சட்டத்தப் போடுங்க."

ஒரு பையைத் திறந்து மேஜைமேல் கொட்டினார். சடசடவென்று மூடிகள். அத்தனையும் நான் சப்ளை செய்தவை. பிறகு என் பக்கம் திரும்பி, மைக்கிலேயே, "கோச்சுக்காதடா கண்ணு," என்றார்.

நான் நழுவி வெளியே வந்து வேனில் ஏறினேன். மழை பிடித்துக்கொண்டிருந்தது. வண்டியைக் கிளப்பக்கூட மனமில்லை. கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். பெவ் ஆன்ட்டி, குடையில்லாமல்.

"என்னடா, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்க?"

"என் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டீங்களே ஆன்ட்டி."

"அது கிடக்கட்டும். அந்தச் சுவத்து பாட்டில் நல்லா வேலை செய்யுதே, எங்க வாங்கின? எனக்கு எல்லா ஷவருக்கும் வேணும். நீதான் வந்து மாட்டணும்."

"நானா? நான் அதுக்கு எதிராப் பேசிட்டு இப்பத்தானே வர்றேன்!"

"நீ பேசினதா அது? வேற யாருகிட்டடா நான் வாங்குவேன்? எனக்குத் தெரிஞ்ச சோப்புக்காரன் நீ ஒருத்தன்தான்."

சோப்புக்காரன். இத்தனை வருடம் நான் பாட்டில் விற்கிறேன் என்றே நினைத்திருந்தேன்.

"சட்டம் இன்னும் வரலையே ஆன்ட்டி."

"குழாய் இப்பவே அடைச்சுக்கிட்டுத்தானே இருக்கு?"

மசோதா நிறைவேறியது. ஒரு கவுன்சிலர்கூட எதிர்த்து ஓட்டுப் போடவில்லை. என் பேச்சுக்கு அதில் பெரும் பங்கு உண்டு என்று ஷார்லீன் சொல்கிறாள். அதற்கு முன்பே பெவ் ஆன்ட்டியின் ஜிம்மில் மாட்டி முடித்திருந்தேன். முதல் நாள் சோப்பு இருக்க வேண்டியதில் கண்டிஷனரை ஊற்றிவிட்டேன். மலை மலையான ஆட்கள் நுரை வராமல் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, உடம்பெல்லாம் பட்டு மாதிரி வழவழவென்று வெளியே வந்தார்கள். அன்று யாருக்கும் கதவுக் கைப்பிடிகூடக் கையில் நிற்கவில்லை.

ஓட்டல்களும் ஒவ்வொன்றாக என்னையே கூப்பிட்டன. மிச்சமிருந்த சின்ன பாட்டில்களில் பெரும்பகுதியை ஷார்லீன் சர்ச்சுக்குக் கொடுத்து, வீடில்லாதவர்களுக்குப் பங்கிட வைத்தாள். இப்போது என் வேனில் பெரிய பெரிய கேன்கள். பாட்டில் பெட்டிகள் பஞ்சு மாதிரி இருக்கும். இவை பிணம் கனம் கனக்கின்றன. இரண்டே மாதத்தில் முதுகு பிடித்துக்கொண்டது. பெவ் ஆன்ட்டியிடம் புலம்பினேன். காசு வேண்டாம், திங்கட்கிழமை காலையில் வந்துவிடு என்றார். போகிறேன். சின்னஞ்சிறு எடை ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டு ஜிம்மே கேட்கும்படி கத்துகிறார்:

"முதுக நேரா வைடா வெண்டல்! முதுகு! முதுகுன்னு சொன்னா வயித்த ஏன்டா எக்கற?"