எங்கட வீட்டு ஹேக்கர்

என்ட தங்கச்சி ஆகிலா ஹேக்கர். ஓம், நல்லாக் கேட்டுக்கொள்ளுங்க, ஹேக்கர்தான். ஒலுவில் கெம்பஸில கம்பியூட்டர் படிச்சுப்போட்டு, சாய்ந்தமருதுல எங்கட வீட்டு அறைக்குள்ளயே இருந்து வேல செய்யிறா. கம்பனிக்காரன் "எங்கட வெப்சைட்ட உடைச்சுப் பாருங்க" எண்டு கேப்பான். இவ ஓட்டையக் கண்டுபிடிச்சு, கள்ளன் வர முந்தி அவனுக்கே சொல்லிக் குடுப்பா. அதுக்குச் சம்பளமும் வருது, அல்ஹம்துலில்லாஹ்.

இத அடுத்த வீட்டு உம்மு மச்சிக்கு எத்தின தரம் சொன்னாலும் மண்டையில ஏறாது. ஆகிலா அவட வீட்டுப் படலைக்குள்ள கால் வைக்கக்குள்ள, "ஹேக்கர் வாறா, போன ஒளிச்சுவைங்க புள்ளயள்!" எண்டு சிரிப்பா. எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஆகிலா மட்டும் சிரிச்சுக்கொண்டே உள்ள போயிருவா.

மறுகா உம்மு மச்சிட மகள் நுஸ்ஹாவுக்குக் கலியாணம் கிட்டி வந்த நேரம், அவள்ற போனில "ஜனாஸா அறிவித்தல்" எண்டு ஒரு மெசேஜ். விபரம் பார்க்க இத அமுக்குங்க எண்டு கீழ ஒரு லிங்க். எங்கட ஊரில சாவுச் செய்தி வந்தா, அனுப்பினது ஆர் எண்டு ஆராவது கேப்பாங்களா? மௌத்தானது ஆர் எண்டுதான் கேப்பம். வாய் "இன்னாலில்லாஹி" சொல்லக்குள்ளயே விரல் அமுக்கிரும். அது ஈமெயில் பாஸ்வேர்ட் கேட்டிருக்கு, நுஸ்ஹாவும் பதறிப்போய் அடிச்சிட்டாள்.

உடனே, வேற ஒரு போன் உங்கட கணக்குக்குள்ள நுழைஞ்சிருக்கு எண்டு அறிவிப்பு வந்திச்சு. அந்தக் கணக்குலதான் அவள்ற மருதோண்டிப் படமெல்லாம் இருக்கு. தலையில துணியில்லாம, பொம்புளயளுக்குள்ள எடுத்த படங்கள். அது பேஸ்புக்கில வந்தா கலியாணம் என்னாகும்?

உம்மு மச்சி செருப்பும் போடாம ஓடிவந்தா. "ஆகிலா, என்ட புள்ளட மானத்தக் காப்பாத்திக் குடு புள்ள!"

ஆகிலா போய், நுஸ்ஹாட போன வாங்கி, கள்ளன்ட போன அந்தக் கணக்கிலிருந்து வெளிய தள்ளினா. மறுகா, "புது பாஸ்வேர்ட நீயே அடி, எனக்கும் சொல்லாத" எண்டு போன நுஸ்ஹாட கையில குடுத்திட்டு, முகத்தச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டா. ஒரு படத்தையும் பார்க்கல்ல. வாசலடியில நிண்ட உம்மு மச்சி அத வெச்ச கண் வாங்காமப் பார்த்தா.

கொஞ்சத்தால கள்ளன் மெசேஜ் போட்டான், படமெல்லாம் தன்னட்ட இருக்கெண்டு. நுஸ்ஹாட காக்கா, உம்மு மச்சிட மூத்த மகன் ஸப்ரி, துள்ளினான். "அவன்ட போனுக்குள்ள நீங்களும் பூருங்க, ராத்தா!"

"கேக்காமப் பூந்தா நானும் அவனும் ஒண்டுதான் தம்பி. உண்மையில இருந்தா ஒண்டயாவது காட்டியிருப்பான். பதில் போடாதீங்க, பொலிசுக்குப் போவம்" எண்டா ஆகிலா.

அவ சொன்னபடிதான். ஒரு படமும் வெளிய வரல்ல.

கலியாணத்தண்டு வீடு நிறையச் சனம். நகைநட்டெல்லாம் இருக்கிற அலுமாரிய உம்மு மச்சி பூட்டினா. சாவிக்கு அவட கூடப்பிறந்தவ கை நீட்டினா. மச்சி அவவத் தாண்டி, எங்கட பக்கம் வந்து, அத்தின பேருக்கும் முன்னால அத ஆகிலாட கையில வெச்சா.

"ஹேக்கர், இது உன்னட்ட இருக்கட்டும்."