மலைச்சரிவில் கொடி நட்டது யார்

டாட்காம் கம்பெனிகள் சரிந்ததில் எனக்கு வேலை போனது. கலிபோர்னியாவில் நாங்கள் இருந்த சன்னிவேலில் யாரைப் பார்த்தாலும் லேஆஃப் பேச்சுதான். அப்போது மலைக்குக் கிழக்கே லிவர்மோர் கோயிலில் பழக்கமான ஓர் ஆன்ட்டி, கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஒயின் தோட்டத்துக்கு வெப்சைட் செய்ய ஆள் தேடுகிறார்கள் என்றார். நான் தயங்கினேன்.

"நீ என்ன குடிக்கவா போறே? வெப்சைட்தானே, ஒரு வாரத்துல முடிச்சிடுவே" என்றார் என் கணவர்.

அந்த ஒரு வாரம் கோடை முழுக்க இழுத்தது. ஊரே மலை தாண்டி மேற்கே வேலைக்கு வர, மகளை டேகேரில் விட்டுவிட்டு நான் எதிர்த்திசையில் காரை ஓட்டிக்கொண்டு போனேன்.

தாத்தா காலத்திலிருந்து ஒரே குடும்பத்தின் தோட்டம் அது. கல்லால் கட்டிய ஒயின் கிடங்கு, அதன் பின்னால் சரிவு முழுக்கத் திராட்சைக் கொடிகள். நடத்தியவர்கள் எழுபதை நெருங்கிய ஒரு வெள்ளைக்கார அண்ணனும் அவருடைய தங்கையும். ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள், ஆனால் நேராகப் பேசிக்கொள்ள மாட்டார்கள். நான் வந்தது வசதியாகப் போயிற்று. எல்லாவற்றையும் என் வழியாகப் பேசினார்கள்.

'எங்கள் கதை' என்ற பக்கத்தில்தான் வினை வந்தது.

"சரிவில் கொடி நட்டது எங்கள் அப்பா. அப்படியே போடு" என்றார் அண்ணன். போட்டேன்.

மறுநாள் தங்கை படித்துவிட்டு, "அப்பா ஊருக்குள் சீட்டாடிக்கொண்டிருந்தார். நட்டது அம்மா. மாற்று" என்றார். மாற்றினேன்.

"அவளிடம் சொல், அப்போது அவள் கைக்குழந்தை."

"அவரிடம் சொல், அவர் மட்டும் என்ன, பெரிய ஆளா?"

எத்தனை தடவை மாற்றினேனோ, எனக்கே கணக்கில்லை. ஒருநாள் பொறுக்காமல் தங்கையிடம், இது அவ்வளவு முக்கியமா என்று கேட்டுவிட்டேன். "வாசல் கேட்டில் அப்பா பெயர், பாட்டிலில் அப்பா பெயர். அம்மா பெயர் கல்லறையில் மட்டும்தான் இருக்கிறது" என்றார். நியாயம்தான். ஆனாலும் வேலை முடிந்தாக வேண்டுமே.

அறுவடை தொடங்கிய வாரம், படம் எடுக்க இருவரையும் சரிவின் மேலே கூட்டிப் போனேன். கொளுத்தும் வெயில். கேமராவைத் தூக்கியதும், "அவளிடம் சொல், இந்த வரிசை…" என்று அண்ணன் ஆரம்பித்தார்.

"ஐயோ, உங்க அப்பாவும் நடல, அம்மாவும் நடல. நான்தான் நட்டேன்னு போட்டுடறேன், போதுமா?" என்று தமிழில் கத்தினேன். பழம் பறித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணன் தங்கையைப் பார்த்து, "என்ன சொல்கிறாள்?" என்றார்.

"எனக்கெப்படித் தெரியும்? கோபமாக இருக்கிறாள்."

அவர்கள் நேராகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அண்ணன் கொடிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தங்கையிடமே, "குழி வெட்டியது அப்பா. கொடி வைத்தது அம்மா. எனக்கு ஞாபகம் இருக்கிறது" என்றார். தங்கை தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயிலா, அழுகையா, தெரியவில்லை.

அன்றே அப்படியே எழுதி, அம்மாவின் பெயரையும் போட்டு, பக்கத்தை ஏற்றிவிட்டேன். அப்பாடா என்று வீட்டில் காபியோடு உட்கார்ந்தால் போன். இரண்டு பேரும் ஒரே லைனில்.

"குழியிலும் பாதி அம்மா வெட்டியதுதான்" என்றார் தங்கை.

"பாதியா? உனக்கென்ன தெரியும்?" என்று அண்ணன் கத்தினார்.

ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டுக் காபியைக் குடித்தேன். நெடுநேரம் அதிலிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது.