மாடுகளுக்குத் தெரிந்த குரல்

ஈர வேப்பிலையும் காய்ந்த சாணமும் சேர்ந்து புகைகிற மணம். எந்த வீட்டு வளவிலிருந்து வந்தாலும் என் கால்கள் நின்றுவிடுகின்றன. அந்தப் புகைக்குள் மாடுகள் படுத்திருக்கும்; நடுவில் அண்ணா பாடிக்கொண்டிருப்பார்.

அண்ணா தண்ணீரூற்றில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஐயா காலமானதும் பள்ளிக்கூடத்தை விட்டு மாட்டுப் பட்டியை ஏற்றார். கண்டாவளைக்குக் குடிவந்த பின்னும் அதைக்கொண்டே தங்கையான என்னைப் படிக்க வைத்தார். தாம் மேற்கொண்டு படிக்கவில்லை. ஆனால் பாட்டுக் கட்டினார். கோயில் திருவிழாவுக்கு, வயலில் அரிவு வெட்டுக்கு, ஊரில் பிள்ளை பிறந்தால் அதற்கும். மேடையில் ஏற்றினால் சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பாடுவார். "மாட்டுக்கு முன்னால வெக்கமில்லை, தங்கச்சி. அதுகள் கைதட்டாதுகள்" என்பார்.

பட்டிக்கென்று ஒரு பாட்டு இருந்தது. ஒவ்வொரு மாட்டுக்கும் ஓர் அடி. கன்று பிறந்தால் ஓர் அடி கூடும். மாடு செத்தால் அந்த இடத்தில் மூச்சு மட்டும் எடுப்பார்.

யுத்தத்தில் பட்டியை அவிழ்த்துவிட்டு ஓடினோம். திரும்பி வந்ததும் காட்டோரம் நாட்கணக்காய் நடந்து அந்தப் பாட்டைப் பாடினார். பதினொரு மாடுகள் பற்றைகளை விலக்கிக்கொண்டு வந்தன. முன்னால் வந்த சிவலைப் பசுவின் நெற்றியைப் பிடித்து, "உன்ரை அடியை நான் விடேல்லை" என்றார். அந்தப் பதினொன்றிலிருந்து பட்டி பெருகியது. ஊராரும் தங்கள் மாடுகளை அவரை நம்பி விட்டார்கள்.

ஒருநாள் அந்தப் பாட்டை என் கைபேசியில் பதிந்தேன். முடிவில், போதுமென்று, "காணும் அண்ணா" என்று நான் சொல்வதும் அதில் இருக்கிறது. என் புகுந்த வீட்டு உறவினர் ஒருவர், "மச்சாள், அதை எனக்கும் ஒருக்கா அனுப்பிவிடுங்கோ. அண்ணைக்கு ஏலாத நாளில பட்டியைத் திருப்ப உதவும்" என்றார். அனுப்பினேன். வேறு எவருக்கும் அனுப்பவில்லை.

சில வாரங்களில், தவறிய கன்று ஒன்று இரணைமடுப் பக்கம் நிற்கிறதென்று அண்ணாவுக்குச் சொன்னவரும் அவரே. அண்ணா தேடிப் போய் வெறுங்கையோடு மத்தியானம் திரும்பினார். பட்டி வெறுமையாக இருந்தது. படலை உடையவில்லை, ஒழுங்காகச் சாத்தியிருந்தது.

மாடுகளைக் காணவில்லை என்று அண்ணா கத்த நானும் ஓடிவந்தேன்; பக்கத்துக் காணி அக்கா வேலியால் எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணை விசர்க்கதை கதைக்கிறியள்? நீங்கள்தானே காலமை பாடிப்பாடி மாடுகளைச் சாய்ச்சுக்கொண்டு போனியள். தங்கச்சியும் கூட வந்தவா. 'காணும் அண்ணா' எண்டு அவா சொன்னது எனக்கு வடிவாக் கேட்டது."

அண்ணா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

விற்றுவிட்டு நடிக்கிறார் என்றது ஊர். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் சிலரும் சொன்னீர்கள். என் குடும்பம் உடைந்துவிடும் என்று நான் வாய் திறக்கவில்லை. அண்ணா பிறர் வயலில் கூலிக்குப் போனார். பிறகு பாடவேயில்லை. திருவிழாவுக்குக் கேட்டு வந்தவர்களிடம், "எல்லா அடியும் போயிட்டுது தம்பி. மூச்சுத்தான் மிச்சம்" என்றார்.

அண்ணா ஒரு மாட்டையும் விற்கவில்லை. அவருடைய குரலை அனுப்பியவள் நான். அவர் இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டியதை இப்போது அச்சில் சொல்கிறேன்.

நோய்க்காலத்தில் கஞ்சி கொண்டுவந்த பக்கத்துக் காணி அக்காவுக்கும், வைத்தியசாலையில் துணை நின்ற பிள்ளைகளுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும் எங்கள் நன்றி. பாடையின் முன்பக்கம் பிடித்து வந்த அந்த உறவினருக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். அவருக்கென இந்த மலரில் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

கடைசிப் பின்னேரம் அண்ணாவின் கட்டிலருகே இருந்து கைபேசியில் அந்தப் பதிவைக் காட்டினேன். "இதை அழிச்சுப்போடட்டே, அண்ணா?"

கண்களை மூடியபடியே சொன்னார்: "வேண்டாம் தங்கச்சி. ஒண்டாவது திரும்பி வந்தா ஆரைத் தேடும்? போட்டுக் காட்டு. கடைசியில உன்ரை குரல் வருகுது. அதை மட்டும் வெட்டிப்போடு."