என் தங்கையின் பெயர் மாரி அல்ல

செல்வராஜ் அண்ணா, நீங்கள் என் தங்கை ஸ்டெல்லாவின் முகத்துக்கு வேறொரு பெயரை ஒட்டிக் கடல் தாண்டி விற்றிருக்கிறீர்கள். குருபரப்பள்ளியில் ஹைவே ஓரம் பாக்கு மட்டைத் தட்டு ஷெட் வைத்திருக்கும் செல்வராஜ் அண்ணனைத்தான் சொல்கிறேன். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் இந்தப் பத்திரிகையை வாசிக்கிற பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காக நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு நகரத்தில், முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். வந்து நான்கு வருடம் ஆகிறது. இந்த ஊரில் மளிகை வாங்கப் போகிறவர்கள் வீட்டிலிருந்து காலி ஜாடிகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எல்லாக் கடைக்கும் அல்ல, சுற்றுச்சூழலுக்கென்றே நடத்தும் கடைகளுக்கு. அங்கே முதலில் காலி ஜாடியை எடை போட்டு மூடியில் பென்சிலால் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு நாமே பருப்பையோ அரிசியையோ நிரப்பிக்கொள்ளலாம். முதல் தடவை நான் வெறும் கையோடு போய் ஒரு கவர் கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை என்று இருந்தது. ஓசூரில் ஷிப்டு முடிந்து, பஸ் கிளம்புவதற்குள் கிடைத்த காயைக் கிடைத்த கவரில் போட்டுக்கொண்டு ஓடியவள் நான். இங்கே சாமான் வாங்குவதிலேயே ஒருவர் நல்லவரா கெட்டவரா என்று முடிவாகிவிடுகிறது.

நடப்பதும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நான் வெளியே வரும்போது, பாதி ஊர் கையில் குச்சியோடு கடற்கரைப் பாறைப் பாதையில் நடந்துகொண்டிருக்கும். எங்கும் போய்ச் சேர்வதற்காக அல்ல, சும்மா. மழை வந்தாலும் நிற்க மாட்டார்கள். குளிரில் கடலில் இறங்கிக் குளிப்பவர்களும் உண்டு. முதலில் பைத்தியங்கள் என்று நினைத்தேன். ஒரு வருடம் கழித்து நானும் குச்சி வாங்கிவிட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

ஜாடிக் கடையை நடத்துவது ரூத் என்ற அம்மாள். ஒருநாள் அவர் கடையில் பாக்கு மட்டைத் தட்டுகள் வந்து இறங்கின. பெட்டியில் கிருஷ்ணகிரி என்று போட்டிருந்தது. நான் அங்கேயே நின்று, இது எங்கள் ஊர், இந்த ஷெட்டில்தான் என் தங்கை வேலை பார்க்கிறாள் என்று சத்தமாகச் சொன்னேன். நான்கு வருடத்தில் இந்த ஊரில் நான் பெருமையாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். ரூத் என் கையைப் பிடித்துக்கொண்டு காட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னார். எதற்குக் காடு என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் சொன்னேன். ஜவளகிரியில் என் மாமாவுக்கு ராகி நிலம் இருக்கிறது. கதிர் முற்றும் நேரத்தில் யானை இறங்குவதையும், பட்டாசு வெடித்து விரட்டுவதையும் சொன்னேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். ஷெட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை. அது என் தப்பு.

ஷெட்டைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். போன தடவை லீவில் போனபோது நான் பார்த்தது இது. கர்நாடகாவிலிருந்து மட்டை ஏற்றிய லாரி வந்து நிற்கிறது. ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த கட்டுகளை ஸ்டெல்லா தனியே தள்ளி வைத்துவிட்டு, டிரைவரோடு கன்னடத்தில் சண்டை போடுகிறாள். தட்டுகளின் ஓரம் வெட்டும் பெண்களிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். உள்ளே மட்டையைச் சூட்டில் அழுத்தித் தட்டாக்கும் நான்கு பிரஸ் மெஷின். அச்சு மாற்றுவது, ஹீட்டர் போனால் கழற்றி மாட்டுவது, சூடு எவ்வளவு வைப்பது, எல்லாம் அவள்தான். ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவள். ஆறு வருடமாக அங்கே இருக்கிறாள். அன்றைக்குச் செல்வராஜ் அண்ணன் எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்து, "உங்க தங்கச்சி ஒருநாள் லீவு போட்டா நான் ஷெட்டுக்குப் பூட்டுப் போட்டுட்டு வீட்ல படுத்துக்க வேண்டியதுதாங்க" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை.

இந்தக் கோடையில் ரூத்தின் நண்பர்கள் ஒரு நாடகம் போட்டார்கள். மேடை கிடையாது. நடிகர்கள் கடற்கரைப் பாதையில் நடந்துகொண்டே நடிப்பார்கள், பார்ப்பவர்கள் பின்னாலேயே போக வேண்டும். பூமியைக் காப்பாற்றுவதைப் பற்றிய நாடகம். நடுவில் எல்லாருக்கும் பாக்கு மட்டைத் தட்டில் சாப்பாடு. தட்டோடு ஒரு சீட்டும் கொடுத்தார்கள். சீட்டில் ஸ்டெல்லாவின் படம். சாயம் போன சேலை, வெறுங்கால், தரையில் உட்கார்ந்து மடியில் ஒரு மட்டை. கீழே எழுதியிருந்தது: இவள் பெயர் மாரி, ஜவளகிரிக் காட்டின் பழங்குடிப் பெண், எழுதப் படிக்கத் தெரியாதவள், இயந்திரத்தைப் பார்த்திராதவள், காட்டில் உதிரும் மட்டைகளைப் பொறுக்கிக் கையாலேயே தட்டு செய்கிறாள். ஜவளகிரிக் காட்டில் பாக்கு மரம் கிடையாது. அந்தப் பக்கத்து ஆட்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நான் நிமிர்ந்து பார்த்தபோது ஒரு நடிகை வெறுங்காலோடு கூழாங்கற்களில் நடந்து வந்தார். அவர்தான் மாரி. நான் சொன்ன யானை, நான் சொன்ன ராகி, நான் சொன்ன பட்டாசு எல்லாம் அவர் வாயிலிருந்து வந்தன. இயந்திரம் என்றால் எனக்குப் பயம் என்றார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், படத்தில் இருப்பது என் தங்கை, அவள் பெயர் ஸ்டெல்லா, அவள் ஃபிட்டர் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். உடனே எல்லாரும் கைதட்டினார்கள். நாடகத்தில் அதுவும் ஒரு காட்சி என்று நினைத்துவிட்டார்கள். ஒரு பெரியவர் என் தோளைத் தட்டி, ரொம்ப இயல்பாக நடித்தாய் என்றார்.

மறுநாள் ஸ்டெல்லாவுக்கு போன் போட்டேன். முதலில் சிரித்தாள். வெளிநாட்டுக்காரர்கள் ஷெட்டைப் பார்க்க வந்த அன்றைக்கு எடுத்த படமாம்.

"ஸ்பேனரை உள்ள வெச்சிட்டு, செருப்பைக் கழட்டிட்டு அப்பிடிக் கீழ உக்காரும்மான்னாருக்கா ஓனரு. ஷெட்டைக் கூட்ற அக்காகிட்ட சேலை வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஏதோ பேப்பர்ல போடுவாங்கன்னு நெனச்சேன்."

படிக்கத் தெரியாதவள் என்று எழுதியிருப்பதைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. அப்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். ஓசூரில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைக்கிற மாதிரி இருக்கிறது. பிரஸ் ஓட்டிய அனுபவச் சான்றிதழ் வேண்டும் என்கிறார்கள். செல்வராஜ் அண்ணன் தரமாட்டேன் என்கிறார். நம் ஷெட்டில் மெஷின் ஆபரேட்டர் என்று காகிதத்தில் யாரையும் காட்டவில்லை, எல்லாம் கைத்தொழில் என்றுதான் இருக்கிறது என்றாராம். ஏன் என்று இத்தனை நாள் அவளுக்குப் புரியவில்லை.

"இப்ப புரியுதுக்கா" என்றாள்.

நான் ரூத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கெட்ட மனுஷி இல்லை, உட்கார்ந்து கேட்டார். ஆனால் சீட்டில் உள்ளது தட்டு அனுப்புகிறவர் எழுதிக் கொடுத்தது, அவரே எழுத்தில் மறுத்தால் மாற்றுகிறேன் என்றார். நான்கு வருடமாக அவர் கடையில் ஜாடி நிரப்புகிறவளின் வாய்ச்சொல் போதவில்லை. நாடகக்காரர்களோ என்னைப் பார்த்தால் இன்னமும் மாரியின் அக்கா என்றுதான் மற்றவர்களுக்கு அறிமுகம் செய்கிறார்கள். இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த என் தங்கை உலகத்தில் இல்லை. ஷெட்டில் நிற்கிற என் தங்கை காகிதத்தில் இல்லை. நான் இரண்டு பேருக்கும் அக்காவாக இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

இதை எழுதட்டுமா, உன் வேலை போய்விடுமே என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன். "எழுதுக்கா. போனா போவுது. பேரை மட்டும் இனிஷியலோட சரியாப் போடு" என்றாள். போட்டுவிட்டேன்: அ. ஸ்டெல்லா மேரி, ஐடிஐ ஃபிட்டர்.

செல்வராஜ் அண்ணா, எனக்குத் தனியாக போன் செய்யாதீர்கள். என் மாமாவிடம் ஆள் அனுப்பாதீர்கள். இதே பத்திரிகையில், எல்லாரும் படிக்கும்படி, உங்கள் பெயர் போட்டுப் பதில் எழுதுங்கள். உங்கள் ஷெட்டில் நான்கு பிரஸ் ஓடுகிறதா, இல்லையா? ஓடுகிறது என்றால், ஆறு வருடமாக அவற்றை ஓட்டுவது யார்?