எந்தக் காது?

துணி அலமாரிக்குள் குந்தியிருக்கும் ஓர் ஆள் எத்தனை நிமிடம் தும்மாமல் தாக்குப்பிடிப்பான் என்று கடிகாரமும் கையுமாக வெளியே நிற்கிறார் எழுத்தாளர் திக்திக். உள்ளே இருப்பது அவருடைய மைத்துனர். "அத்தான், மூச்சு முட்டுது" என்ற முனகல் வருகிறது. "பேசாதே. பொணம் பேசாது" என்று அதட்டுகிறார். மைத்துனரும் வாயைப் பொத்திக்கொள்கிறார். மாடி வீட்டில் குடியிருக்கும் பாவத்துக்கு மாதம் ஒருமுறை அவர் சாக வேண்டியிருக்கிறது.

தெருவில் யாருக்கும் திக்திக்கின் இயற்பெயர் நினைவில்லை. மாதம் ஒரு மர்ம நாவல், இருபது வருடமாக, ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. தன் வில்லன்களின் செருப்பு அளவு, கடைவாய்ச் சொத்தை, எந்தக் கையால் கத்தி பிடிப்பான் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கையெழுத்துதான் கோழி கிளறின மாதிரி. அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஜீவன் அவர் மனைவி. அவள் தட்டச்சு செய்தால்தான் நாவல் அச்சகம் போகும்.

இந்த மாதம் பதிப்பாளர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "சார், வெறும் கொலையாவே போகுது. குடும்பப் பாசம் கொஞ்சம் தூக்கலா வேணும். படிச்சு முடிச்சதும் அவனவன் பெண்டாட்டி பிள்ளையை நினைச்சு அழணும்."

அழவைப்பது என்ன பிரமாதம்! கதாநாயகனின் மனைவியைக் கடத்தி வெடிகுண்டோடு சேர்த்துக் கட்டிப்போட்டார். வில்லன் போனில் கேட்கிறான்: "நீ உண்மையிலேயே புருஷன்தானா? அப்படின்னா அவளைப் பத்தி ஒரே ஒரு கேள்வி. தப்பாச் சொன்னா டமார்." அந்தக் கேள்வி மட்டும் திக்திக்குக்குச் சிக்கவில்லை. மனைவியிடமே போனார். "புருஷனுக்குக் கண்டிப்பாத் தெரிஞ்சிருக்கிற மாதிரி ஒண்ணு சொல்லேன்."

அவள் தட்டச்சிலிருந்து தலை நிமிரவில்லை. "எனக்கு எந்தக் காது கேக்காது?"

பேஷ், பேஷ் என்று குறித்துக்கொண்டார். பதில் எழுதப் பேனாவை வைத்தவர், பேந்தப் பேந்த விழித்தார்.

"உனக்குக் காது கேக்காதா?"

"ஒரு காது. மூணு வருஷமா."

"சொல்லவே இல்லையே!"

"சொன்னேனே. நீங்க அப்ப கொலை பண்ணிட்டு இருந்தீங்க."

அதோடு கணினியை மூடிவிட்டாள். பதிலோடு வந்தால் கடைசி மூன்று அத்தியாயத்தையும் அடித்துத் தருவாளாம். "பாதிக்குப் பாதின்னு கண்ணை மூடிட்டு அடிச்சு விடக்கூடாது. எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னும் சொல்லணும். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம்." வெள்ளி மத்தியானம் அச்சகத்தில் நாவல் இருந்தாக வேண்டும். திக்திக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆனால் ஆள் துப்பறியும் புலியல்லவா! அவளுக்குப் பின்னால் போய் இடப்பக்கம் ஒரு ஸ்பூனைப் போட்டார். அசையவில்லை. வலப்பக்கம் போட்டார். ம்ஹூம். மூன்றாவது ஸ்பூனுக்கு, "மூணையும் கழுவி வைங்க" என்று மட்டும் குரல் வந்தது. எந்தக் காதில் போனை வைக்கிறாள் என்று பார்க்க, மகளை வேவுக்கு நிறுத்திவிட்டு மாடிக்குப் போய்க் குரலை மாற்றிப் பேசினார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். "என்னங்க, இறங்கி வரும்போது அங்க காயற துணியை எடுத்துட்டு வாங்க."

மைத்துனரை நாற்காலியில் உட்காரவைத்து முகத்தில் மேஜை விளக்கைத் திருப்பினார். அவளை டாக்டரிடம் கூட்டிப்போனவரே அவர்தான். "சொன்னா அக்கா நிஜமாவே கொன்னுடும் அத்தான்" என்று கும்பிட்டார். மகளோ இன்னும் மோசம். "எனக்குத் தெரியும்பா. தபால்காரருக்குக்கூடத் தெரியும்." தபால்காரருக்குத் தெரியுமாம்! திக்திக்குக்கு முதன்முதலாக நாவலை மறந்து முகம் சுண்டியது.

வியாழனன்று பதிப்பாளர் போனில் பதறினார். "சார், அந்தம்மா உயிரோட இருக்காங்களா, இல்லையா?"

"விசாரணையில இருக்கு" என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை, கதவிடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையை வேவு பார்த்தார். மனைவி சாப்பிடுகிறாள். அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து மகள் ஏதோ கதையளக்கிறாள். மனைவி தட்டைப் பார்த்தபடியே சிரிக்கிறாள், நடுநடுவே பதிலும் சொல்கிறாள். இதில் என்ன துப்பு இருக்கிறது? சலித்துப்போய் உள்ளே வந்து, அவளுக்கு வலப்பக்கம் தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னைக்கு வெயில் ஜாஸ்தி, இல்ல?" என்றார் சும்மா.

அவள் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்தாள். இடுப்போடு திரும்பி, கழுத்தை வளைத்து, இடது காதை அவர் வாய்க்கு நேரே கொண்டுவந்தாள். "என்ன சொன்னீங்க?"

வெயிலைப் பற்றி மறுபடி சொன்னார். அவள் நேராகத் திரும்பிக்கொண்டு, பிடரியை இரண்டு விரலால் அழுத்தித் தேய்த்தாள். இன்னொன்று கேட்டார். மறுபடி அத்தனை திருப்பம், மறுபடி அந்த இரண்டு விரல். மூன்று வருடமாக மூன்று வேளையும் கொலை, விஷம், கடத்தல் என்று இந்தப் பக்கத்திலிருந்தே பேசித் தீர்த்திருக்கிறார். ஒன்றைக்கூட அவள் கேட்காமல் விட்டதில்லை. திக்திக்குக்கு வெட்கமாக இருந்தது.

உள்ளே போன் அடித்தது. பதிப்பாளராகத்தான் இருக்கும். அவர் எடுக்கப் போகவில்லை. ஒரு கையில் தட்டையும் ஒரு கையில் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்தார். மகள் மறுபேச்சில்லாமல் நகர்ந்து இடம் விட்டாள். மனைவியின் இடப்பக்கம் உட்கார்ந்து, தனக்கே கேட்காத குரலில் சொன்னார்: "கொஞ்சம் உப்பு."

அவள் கழுத்தைத் திருப்பாமலே உப்பை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, மிச்ச அத்தியாயங்களுக்காகக் கையை நீட்டினாள்.