ராவுத்தர் சுட்ட கிழங்கு

மழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டதால், கொடைக்கானல் சத்திரத்தில் ஒரே அறையில் நானும் வத்தலக்குண்டுப் பூண்டு வியாபாரி ராவுத்தரும் தங்கியிருக்கிறோம். நான் சைவம். என் கட்டுச்சாதம் காலையிலேயே தீர்ந்துவிட்டது. இருக்கும் ஒரே அடுப்பில் அவருடைய ஆட்டுக்கறியும் சோறும் ஒரே சட்டியில் வெந்துவிட்டன.

"நீங்க பட்டினியா உக்காந்திருக்கையில எனக்குச் சோறு எறங்குமாங்கய்யா?" என்று அவரும் தட்டைத் தொடாமல் இருக்கிறார்.

இருவரும் பட்டினி கிடப்பதா? தாசில்தாராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். விதி கண்டுபிடிப்பது கைவந்த கலை.

"கறிச்சட்டியில் வெந்ததுதான் ஆகாது, ராவுத்தரே. தணலில் சுட்டது எதுவானாலும் சுத்தம்."

அவர் வெரசாகத் தன் மூட்டையிலிருந்து நாலு உருளைக்கிழங்கை எடுத்துத் தணலில் புதைக்கிறார். சுட்டதும் தோலுரித்து, உப்புத் தொட்டு நீட்டுகிறார். நான் கடித்த பிறகே தன் சோற்றில் கைவைக்கிறார்.

"அப்ப இந்தக் கறியவும் தணல்ல வாட்டித் தரவாங்கய்யா?"

தீர்ப்பை ஒத்திவைத்துவிட்டு இரண்டாவது கிழங்கை எடுக்கிறேன்.